குழந்தையை இழந்த வீட்டுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். கிளம்புமுன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பலரும் மறந்துவிடுவது தாய்ப்பால். குழந்தை இல்லாவிட்டாலும் பால் சுரக்கும்; 16 வாரத்துக்குப் பிறகு கரு கலைந்தாலும் சுரக்கலாம். பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் மார்பு கனத்து வலிக்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அந்த அம்மா நொறுங்கிப்போகிறார். மெதுவாகச் சொல்லிவையுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். நன்றாகத் தாங்கும் உள்ளாடை போதும். இறுக்கிக் கட்டினால் பால் கட்டிக்கொள்ளும். வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சலாம், முழுதாக எடுத்தால் மேலும் சுரக்கும். சுரப்பை நிறுத்தும் மாத்திரை உண்டு, ஆனால் மருத்துவர் சொல்லித்தான். இரத்த அழுத்தம் இருந்தவர் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனையும் ரத்தப்போக்கு, நாற்றமுள்ள கசிவு: இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை.

குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். "வயசிருக்கு, அடுத்தது பிறக்கும்" என்று தயவுசெய்து வேண்டாம். போன பிள்ளைக்கு அது ஈடாகாது. அப்பாவிடம் எல்லோரும் மனைவியைப் பற்றியே விசாரிப்பார்கள். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவரையும் கேளுங்கள்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் கேட்க அவர்களுக்குத் தெம்பு இருக்காது. "நாளை ராத்திரி 7 மணிக்குச் சாப்பாடு கொண்டுவர்றேன்" என்று சொல்லுங்கள்.

போனில் கர்ப்பகாலச் செயலி வாரக்கணக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், கேட்டுவிட்டு நிறுத்திக்கொடுங்கள். தொட்டிலையும் துணிகளையும் அவர்கள் சொல்லும்வரை தொடாதீர்கள். பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியை எழுதிவைத்து, அன்று ஒரு செய்தி அனுப்புங்கள்.