புதிய தொடக்கப் பள்ளியில் பாதி நாள் இன்னொரு மொழியில் நடக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பகுதிக்குப் புதிய தொடக்கப் பள்ளி ஒன்று வரப்போவதாக உங்கள் நாளிதழில் படித்தேன். எத்தனை வகுப்பறை, எவ்வளவு பெரிய மைதானம் என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். உள்ளே என்ன சொல்லித்தரப் போகிறோம் என்று யாரும் பேசக் காணோம். 29 ஆண்டுகள் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். உலகத்தையும் அதன் மொழிகளையும் முதல் வகுப்பிலிருந்தே சொல்லித்தருகிற பள்ளியாக அது அமைய வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எனக்கு ஒரு நோட்டிலிருந்து வந்தது. ஓர் ஆண்டின் நடுவில் என் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். வீட்டில் அரபு. எங்கள் பேச்சில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து வைத்துக்கொள்வாள். நான் போய்த் திருப்பி வைப்பேன். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அரபை வலமிருந்து இடமாக எழுதுவார்கள், அவள் நோட்டைச் சரியாகத்தான் திறந்திருக்கிறாள் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த நான்கு மாதம் அந்தக் குழந்தை வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

பிறகு ஒருநாள் அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, வகுப்பில் இருக்கிறவர்களின் பெயர்களை அவள் மொழியில் எழுதச் சொன்னேன். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரே எழுத்து சொல்லின் முதலில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, கடைசியில் வேறு மாதிரி இருப்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். ஒரு பையனின் பெயர் வந்தபோது அவள் தயங்கினாள். 'பல்' என்று சொல்லும்போது வருகிற 'ப' ஒலிக்கு அரபில் எழுத்து கிடையாது. 'பஸ்' என்பதில் வருகிற ஒலிக்குத்தான் உண்டு. அதைப் போட்டு எழுதினாள். உடனே இன்னொரு பிள்ளை கேட்டது: "டீச்சர், நாம பல்லுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே எழுத்துதானே போடுறோம், எப்படி மாறாமப் படிக்கிறோம்?" ஏழு வயதுப் பிள்ளை தன் தாய்மொழியைப் பற்றி அதுவரை அப்படி ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. இன்னொரு மொழி வந்தால் தாய்மொழி மங்கிவிடும் என்று அஞ்சுகிற பெற்றோரிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் வாரத்துக்கு இரண்டு பீரியட் வைத்தால் இது நடக்காது. 40 நிமிட பீரியட் இரண்டு, ஆண்டுக்கு 35 வாரம் என்று போட்டுப் பாருங்கள். 50 மணி நேரம்கூட வராது. ஒரு குழந்தை மூன்று நான்கு நாள் விழித்திருக்கும் நேரம்தான் அது. வண்ணங்களின் பெயர், ஒரு பாட்டு, ஒன்று முதல் பத்து வரை எண்கள், அதோடு முடிந்துவிடும். மொழியைப் பாடமாக வைக்காமல், பாடத்தையே அந்த மொழியில் நடத்த வேண்டும். காலையில் தாய்மொழியில் படிப்பும் எழுத்தும். மதியம் இரண்டாம் மொழியில் கணக்கு, அறிவியல், ஓவியம், விளையாட்டு. இரண்டு ஆசிரியர்கள், இருவரும் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட வேண்டும்.

இது புது யோசனையும் இல்லை. கனடாவின் கியூபெக்கில் சான்-லாம்பேர் என்ற ஊரில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் விடாமல் கேட்டு, 1965-இல் மழலையர் வகுப்பையே பிரெஞ்சில் நடத்த வைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட் குழுவினர் அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். தொடக்கத்தில் ஆங்கில வாசிப்பில் சற்றுப் பின்தங்கினார்கள். பள்ளியில் ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் சமாளித்து மேலே வந்துவிட்டார்கள். பிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் நன்றாகத் தேறினார்கள். பேச்சு மட்டும் பிறவி மொழிக்காரர் அளவுக்கு வரவில்லை. அதைப் பேசுகிற சக வயதுப் பிள்ளைகள் வகுப்பில் இல்லாதது ஒரு பெரிய குறை. அதனால்தான் அமெரிக்காவில் மயாமி நகரத்தின் கோரல் வே பள்ளி எனக்குப் பிடித்திருக்கிறது. 1963-இல் அங்கே ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளையும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்து, பாதி நாள் இதிலும் பாதி நாள் அதிலுமாகப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். இந்தப் பக்கப் பிள்ளைக்கு அந்தப் பக்கப் பிள்ளைதான் வாத்தியார். என் வகுப்பில் அந்தச் சிறுமியின் நான்கு மாதம் மௌனத்திலேயே வீணாய்ப் போனதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

சின்ன வயதில் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நம்பி இறங்கக் கூடாது. தொடக்கத்தில் வேகமாகக் கற்பவர்கள் பெரிய பிள்ளைகளே. சின்ன வயதில் தொடங்கினால் உச்சரிப்பு நன்றாக அமையும், முன்னால் நிறைய ஆண்டுகளும் இருக்கும். அந்த ஆண்டுகளை அந்த மொழிக்குக் கொடுத்தால்தான் பலன்.

உலகத்தைச் சொல்லித்தரக் கொடிகளையும் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தையும் (மெர்கேட்டர் வரைபடம் என்பார்கள்) உலக உருண்டையையும் பக்கத்தில் வைத்தாலே போதும். படத்தில் கிரீன்லாந்து ஏறக்குறைய ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு பெரியது. உருண்டையைத் தட்டையாக்கினால் எங்கேயாவது இழுத்தே ஆக வேண்டும் என்பதை ஒரு கிழிந்த பந்தை விரித்துக் காட்டினால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்துவிடும். 1569-இல் அந்தப் படத்தை வரைந்தவர் மாலுமிகள் திசை பிடிக்க வரைந்தார் என்று கதையையும் சொல்லலாம். கணக்கு, புவியியல், வரலாறு எல்லாம் ஒரே மதியத்தில் வந்துவிடும்.

நுழைவுத் தேர்வு கூடாது. வீட்டில் நாலு புத்தகம் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் இந்தப் பள்ளி என்று ஆகிவிட்டால் நான் இதற்கு எதிராகவே எழுதுவேன். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போடுங்கள். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன் பண்பாட்டையும் மொழியையும் மதிப்பதோடு பிற நாகரிகங்களையும் மதிக்கக் கற்பிப்பது கல்வியின் நோக்கம் என்று 29-ஆம் பிரிவில் சொல்கிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது.

முதல் ஆண்டில் முதல் வகுப்பு மட்டும் போதும். ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளர்க்கலாம். எந்த மொழி என்பதை இப்போதே முடிவு செய்யாமல், இங்கே வீடுகளில் என்னென்ன மொழி பேசுகிறார்கள் என்று முதலில் கணக்கெடுங்கள். அப்புறம் அந்த மொழியில் பாடம் நடத்தக்கூடிய ஆசிரியர்களைத் தேடுங்கள். அதற்கு ஓராண்டாவது பிடிக்கும், கட்டட வரைபடம் தயாராகும் வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கினால் நல்லது. வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை