பத்து நிமிடம் போதுமா?

ஆசிரியருக்கு,

ஜூன் விடுமுறையில் என் மகளின் பள்ளியில் சீனாவின் பழைய துறைமுக நகரமான சுவான்சோவுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கையுவான் கோயிலின் பின்பக்கத் தூண்கள் இரண்டில் கண்ணன் கதைச் சிற்பங்கள் இருக்கின்றன, அதே ஊரில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. ஆனால் கோயிலுக்குக் கொடுத்தது பத்தே நிமிடம், கல்வெட்டைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையாம். அப்புறம் சுன்பு மீனவக் கிராமம். சிப்பி ஓடு பதித்த வீட்டுச் சுவரைத் தடவினால் கையெல்லாம் சொரசொரப்பு என்றாள். கொண்டையைச் சுற்றிப் பூச்சரம் வைத்த பாட்டிமாரைப் பார்த்து "நம்ம ஆச்சி மாதிரியே" என்று படம் அனுப்பினாள். சரி, கடைத்தெருவுக்கு மட்டும் மூன்று மணி நேரம் எதற்கு? அடுத்த முறை திட்டம் போடும்போது தமிழாசிரியரையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

ஒரு தாய்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்