பெட்ரோல் கலந்த கிணறு: சித்திரையிலும் சோதிக்க வேண்டும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பெட்ரோல் பங்க் தொட்டியோ பூமிக்கடியில் போகும் குழாயோ கசிந்து கிணற்றில் வாடை வந்தால், பல இடங்களில் தொட்டியைத் தோண்டி எடுத்து, கிணற்றை இறைத்து, மழைக்குப் பிறகு ஒரு மாதிரி எடுக்கிறார்கள். எண்ணெய்ப் படலம் இல்லை என்றதும் கோப்பு மூடப்படுகிறது. 2013-ல் தண்டையார்பேட்டைக் கிணறுகளில் எரிபொருள் கலந்து வந்ததைப் பார்த்த சென்னையில் இந்த அவசரம் கூடவே கூடாது.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. நீர்மட்டத்தின் மேல் மிதந்து, கோடையில் அதோடு சேர்ந்து இறங்கி, வழியிலுள்ள மண்ணில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் நீர் ஏறும்போது அந்த மண் முழுகிவிடும். பெட்ரோல் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும், கிணற்றுக்குள் வராது. சித்திரை, வைகாசியில் நீர் இறங்கியதும் படலம் மறுபடி தலைகாட்டும். பெரிய மோட்டார் வைத்து இறைப்பவர்கள் இதே கெடுதலைத் தாங்களே செய்கிறார்கள்: நீர்மட்டம் தாழ்ந்து, பெட்ரோல் இன்னும் ஆழத்து மண்ணில் படிகிறது.

வீட்டு போர்வெல்லை மட்டும் சோதிப்பதும் போதாது. மேல்பகுதியில் கேசிங் என்னும் துளையில்லாத குழாயை இறக்கியிருப்பதால் மிதக்கும் பெட்ரோல் அதற்குள் வராது. துளையிட்ட குழாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீளும்படி தனிச் சோதனைக் கிணறு போட வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பாதி பிடித்துக் கொடுத்தால், பெட்ரோலிலுள்ள புற்றுநோய் வரவழைக்கும் பென்சீன் ஆவியாகி, பாட்டிலின் மேல்பாதிக் காற்றுக்குப் போய்விடும். 40 மி.லி. கண்ணாடிக் குப்பியை விளிம்பு வரை நிரப்பி மூடி, கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். ஒரு குமிழிகூட எழக் கூடாது. மூடுவதற்கு முன்பே பிஎச் 2-க்குக் கீழே வரும்படி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்திருக்க வேண்டும்; பிறகு 4 டிகிரி குளிரில் வைத்து, 14 நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வாடையே தெரியாத தண்ணீரிலும் இதைவிடப் பல மடங்கு இருக்கலாம். கொதிக்கவைத்தால் அது சமையலறைக் காற்றில் கலக்கும், செய்யாதீர்கள்.

சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. கசிவை அடைத்து, மிதக்கும் பெட்ரோலை, மேற்படலத்தை மட்டும் வழித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியால் எடுத்த பிறகே மண்ணிலுள்ள ஆவியை வாக்கம் பம்பால் உறிஞ்சி, கார்பன் வடிகட்டி வழியாக வெளியேற்ற வேண்டும். கரைந்திருப்பதை அகற்ற நீருக்கடியில் காற்று செலுத்துவது கடைசி வேலை. பெட்ரோல் மிதக்கும்போதே காற்றைச் செலுத்தினால் ஆவி பக்கத்து வீட்டுத் தரைக்கடியிலும் சாக்கடையிலும் புகும்; ஒரு தீப்பொறி போதும். இந்த முறைகள் மணற்பாங்கான மண்ணில்தான் நன்றாக நடக்கும். களிமண்ணில் பெரும்பாலும் தோண்டி அகற்றத்தான் வேண்டும்.

“நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும்” என்று காத்திருப்பதும் இப்போது ஆபத்து. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறோம். நுண்ணுயிர்கள் முதலில் அதைத் தின்று ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். பென்சீன் சிதையாமல் இன்னும் தூரம் போகும்.

மாசுபட்ட இடங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்துவிட்டது. அவற்றின்படி ஆய்வு செய்யும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கோடை மாதிரியும் மழைக்குப் பிந்தைய மாதிரியும் சேர்த்துக் குறைந்தது ஓராண்டுக் கணக்கு இல்லாமல் எந்த இடத்தையும் சுத்தம் என்று அறிவிக்கக் கூடாது. ஒவ்வொரு முடிவின் நகலும் கிணற்றுக்காரர் கைக்குத் தமிழில் வர வேண்டும்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர்ப் பொறியாளர்,
சென்னை