தடிப்பு இல்லை என்றால் காய்ச்சல் வராதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கச்சிமடத்தில் சவுக்குத் தோப்பை ஒட்டி எங்கள் வீடு. லீவுக்குச் சென்னையிலிருந்து வந்த பேரனுக்கு ஒரே ராத்திரியில் கை முழுக்க காசு அகலத்துக்குத் தடிப்பு. என் கையில் ஒரு புள்ளிகூட இல்லை. "நமக்கெல்லாம் கொசுக்கடி பழகிடுச்சு, ஒண்ணும் செய்யாது" என்பார் என் மாமியார். நானும் நம்பினேன், போன வருடம் மலேரியாவில் கிடந்து நடுங்கும்வரை.

உடம்பு பழகுவது கொசுவின் எச்சிலுக்குத்தான். ரத்தம் உறையாமல் இருக்கக் கொசு எச்சிலை உள்ளே விடுகிறது. அதிலுள்ள புரதங்களை உடம்பு எதிர்ப்பதால்தான் அரிப்பும் தடிப்பும். வருடக்கணக்கில் கடி வாங்கியவர்களுக்குத் தடிப்பு குறைந்துவிடும். ஆனால் அதே எச்சிலோடு இறங்கும் மலேரியா கிருமி கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பழகிய உடம்பு என்று அது பார்ப்பதில்லை.

தோப்பில் கன்றுகளுக்குத் தண்ணீர் மொள்ளத் தோண்டிய குழிகள் அப்படியே கிடக்கின்றன. குனிந்து பார்த்தேன். புழுக்கள் தலைகீழாகத் தொங்காமல், நீர்மட்டத்தோடு படுக்கையாக மிதந்தன. மலேரியா கொசுவான அனோபிலிஸின் புழு அப்படித்தான் கிடக்கும். மருந்து அடிக்க வருகிறவர்கள் தெருவோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து தோப்புக்குள்ளும் வாருங்கள், வழி நான் காட்டுகிறேன்.

ஒரு வாசகி,
தங்கச்சிமடம்