ஆமைக்கு மட்டும் என்று சொன்ன தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில் நடந்த கடலாமைப் பாதுகாப்புக் கூட்டத்தில் நீ எழுந்து சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. "நாம் ஆமைக்காக வந்தவர்கள். மீனவர் வீடு, ஆலைக் கழிவு, துப்புரவுத் தொழிலாளர் சம்பளம் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டால் ஆமையையும் காப்பாற்ற முடியாது" என்றாய். பலர் தலையாட்டினார்கள். நான் அங்கே பதில் சொல்லவில்லை. வயதில் சிறியவளை நாலு பேர் நடுவில் மறுத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே இந்தக் கடிதம் மனதுக்குள் தொடங்கிவிட்டது. உன்னைப் போலவே நினைக்கிற நல்ல மனிதர்கள் நிறையப் பேர் இருப்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

உன் அச்சம் எனக்குப் புரிகிறது. பத்துக் கோரிக்கை போட்ட நோட்டீஸை யாரும் கடைசிவரை படிப்பதில்லை. எல்லாப் போராட்டத்துக்கும் ஓடி, ஒன்றிலும் நிலைக்காமல் கலைந்துபோன குழுக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒருவர் ஒரு வேலையை ஊன்றிச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் உனக்கும் வழக்கு இல்லை. அந்த வேலை எதன்மேல் நிற்கிறது என்பதில்தான் வழக்கு.

உன் நோட்டீஸில் 'ஆலிவ் ரிட்லி' என்று போட்டிருக்கிறாய். நம் கரையில் அதற்குப் பங்குனி ஆமை என்று பெயர். எந்த மாதத்தில் கரையேறும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. தையில் தொடங்கி இரவு நேரத்தில் வந்து, அலை எட்டாத காய்ந்த மணலில் குழி தோண்டி முட்டையிடுகிறது. குஞ்சு பொரிய ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும். அதுவரை அந்த மணல் அங்கேயே இருக்க வேண்டும்.

மணல் அங்கே இருக்கிறதா? சோழகம் என்கிற தென்காற்றடிக்கும் மாதங்களில் நம் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. வாடைக் காலத்தில் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவந்தாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது. அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போனது. வைத்திக்குப்பம், சோலைநகர், அதையும் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று கடல் வீடுகளைத் தின்றுகொண்டே போனது. ஒவ்வோர் ஊரும் தனக்கு மட்டும் கல் கேட்டது. கேட்டதில் தவறே இல்லை, வாசலில் அலை நிற்கும்போது வேறென்ன கேட்பார்கள்? ஆனால் ஓர் ஊருக்குக் கிடைத்த சுவர் பக்கத்து ஊரின் தலையில் விடிந்தது.

தங்கையே, ஆமை மட்டும் போதும் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தக் கற்கள்தான் நினைவுக்கு வந்தன. ஆமை முட்டையிடும் அதே மணலில்தான் படகை இழுத்துப் போடுகிறார்கள், கரைவலை இழுப்பவர்கள் கால் ஊன்றுகிறார்கள், பெண்கள் கருவாடு காயவைக்கிறார்கள். மணல் போனால் எல்லாருக்கும் சேர்த்தே போகிறது. கரையோரமாக அடி வரை வாரிக்கொண்டு போகும் விசைப்படகின் இழுவை மடி வலையில் சிக்கி ஆமை மூச்சுமுட்டிச் சாகிறது. அந்த மடியால் சின்னப் படகுக்காரர்களின் வலையும் அறுகிறது, மீனும் போகிறது. அவர்கள் உனக்குப் போட்டியாளர்கள் இல்லை, உனக்கு முன்பே இந்தச் சண்டையில் நிற்பவர்கள்.

எங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையின் கதையையும் கேள். 2004 முதல் ஈச்சங்காடு, குடிகாடு பக்கத்து மக்கள் காற்றில் வரும் நாற்றத்தை நேரம், காற்றின் திசை, எதைப் போன்ற வாடை என்று நோட்டில் குறித்துவைத்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்தி, காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அந்த வாளி 1990களில் கலிபோர்னியாவில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்காக உருவானது. எங்கள் உப்பனாற்றை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. இருந்தும் அவர்கள் போராட்டத்தில் பிறந்த கருவி எங்கள் குடிகாட்டில் வேலை செய்தது. சிப்காட்டின் கழிவுநீர் குழாய்வழி போய்ச் சேருவதும் உன் ஆமை நீந்தும் கடலில்தான்.

உன் ஊரிலேயே இதற்கு முன்னோடி உண்டு. 1936 ஜூலை 30 அன்று சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தத் தொழிலாளர்களைத் திரட்டிய வ. சுப்பையா, அதற்கு முன்பே ஹரிஜன சேவா சங்கப் பணியில் தீண்டாமைக்கு எதிராக நின்றவர். அதன்பின் பிரெஞ்சு ஆட்சியையே எதிர்த்தார். ஆலை வாசலில் ஒற்றுமை வேண்டுமானால் சேரியைத் தள்ளிவைத்துவிட்டு அதைப் பெற முடியாது.

சேர்ந்து நிற்பது இனிப்பான காரியம் என்று நான் சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு நிவாரணம் வந்தபோது, ஆற்றிலும் காயலிலும் கையால் இறால் பிடித்துப் பிழைத்த இருளர்களும் கரையோரத் தலித் மக்களும் பல இடங்களில் பட்டியலில் விடுபட்டார்கள். படகு இருந்தால்தான் மீனவர் என்று கணக்கு. என் சொந்தக் குப்பத்து மனிதர்களே அதற்கு வாய்மூடி இருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆகவே யாரோடு சேர்ந்தாலும் அவர்களிடமும் கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தவர்களால்தான் அப்படிக் கேட்கவும் முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டத்தன்று காலை கடற்கரையில் நாம் கையுறை போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் குப்பை பொறுக்கினோம், மூட்டை கட்டினோம், படம் எடுத்துக்கொண்டோம். பிறகு அந்த மூட்டைகளை வண்டியில் ஏற்ற வந்த அம்மாவின் கையில் உறை இல்லை. உடைந்த பாட்டில் குத்தி அவர் விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டதை நீயும் பார்த்தாய். மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்று அவர் சொன்னதற்குப் பிறகுதான் கூட்டத்தில் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய்.

நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். ஆமையே தலைப்பில் இருக்கட்டும். அதன் கீழே மூன்று வரி சேர்க்க இடம் விடு. அந்த வரிகளை நீயோ நானோ எழுத வேண்டாம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் தேவனாம்பட்டினத்துக்கு வந்துவிடு. கருவாடு காயப்போடும் பெண்கள் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு நிழலில் உட்காருவார்கள். துப்புரவுப் பணிக்கு வரும் அந்த அம்மாவையும் கேட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேனாவும் காகிதமும் நீ கொண்டுவா.

அன்புடன்,
கடலூரிலிருந்து உன் அக்கா