மச்சாளுக்கு: அந்தக் கணக்கை நீக்கிவிட்டேன்

அன்புள்ள மச்சாள்,

துணை தேடும் செயலியில் நீங்கள் எனக்காகத் திறந்து தந்த கணக்கைச் செவ்வாய்க்கிழமை இரவு நீக்கிவிட்டேன். செயலியை அழித்தால் மட்டும் கணக்கு மறைந்துவிடாது என்பதை அறிந்து, அதையும் தனியாகத் தேடி நீக்கினேன். தொலைபேசியில் சொன்னால் இடைமறிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். எல்லோரும் வாசிக்கும் இடத்தில் எழுதுவதற்குக் காரணம், கதையின் ஒரு பக்கம் ஊரில் ஏற்கெனவே உலாவுவதுதான். என் படம் எங்கள் அலுவலகம் வரை எப்படி வந்தது என்பதைப் பற்றி மட்டும் இங்கே ஒன்றும் சொல்ல மாட்டேன். அனுப்பியவரும் இதை வாசிப்பார்.

ரொறன்ரோவிலிருந்து நீங்கள் அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். 2017இல் சந்தித்துக்கொண்ட அமெரிக்க ஆண்-பெண் இணைகளுள் நூற்றுக்கு 39 அளவில் இணையவழியே அறிமுகமானவை என்று ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்பெல்டும் அவருடைய குழுவினரும் 2019இல் எழுதியதை நீங்கள் அடிக்கோடிட்டிருந்தீர்கள். நண்பர்கள் வழியாக அறிமுகமாவது குறைந்துவிட்டது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அதற்கு ஏனோ கோடு இல்லை. அந்தப் புள்ளிவிபரம் அங்கே பொருந்தலாம். திருகோணமலையில் நின்றுகொண்டு செயலியில் ஐம்பது கிலோமீற்றர் வட்டம் போட்டால் பாதி வட்டம் வங்காள விரிகுடாவுக்குள் விழுகிறது. மீதியில், வைகாசி முதல் புரட்டாதி வரை நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வந்துபோகும் வெளிநாட்டவர்களைக் கழித்தால், எஞ்சுபவர்கள் என் முகத்தை நன்கறிந்து தங்கள் முகத்துக்குப் பதிலாக மோட்டார் சைக்கிளின் படத்தைப் போட்டிருப்பவர்கள்.

இதையெல்லாம் விட, கிண்ணியாத் துறையில் பாதை எனும் மிதவைப் படகுக்காக நாம் காத்துநின்ற அந்த வெள்ளிக்கிழமைதான் எனக்கு ஓயாமல் நினைவில் வருகிறது. ஆலங்கேணிப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் போய்வந்த காலம். மாமி என்னைத் துணைக்கு அனுப்பியிருந்தார். பாய்க்கட்டோடு வந்த ஒரு வயோதிப மாதுவின் சுமையை அண்ணா தூக்கிப் பாதையில் வைக்கப் போக, ஒரு கால் செருப்பு தண்ணீரில் விழுந்தது. நேரத்தை வீணாக்குகிறார் என்று பாதைக்காரர் எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். அண்ணா எதிர்த்து ஒரு சொல்லும் பேசாமல், மிதந்துபோகும் செருப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மற்றதையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நீங்கள் என் கையை நோகும்படி இறுக்கினீர்கள். அவரோடு அதுவரை நீங்கள் பேசியதே இல்லை. திரும்பும் வழியில் எனக்கு வாங்கித் தந்த கச்சான் சரை எதற்கான கூலி என்பது அன்றே எனக்கு விளங்கியது. மாமியிடம் நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இனி இதை வாசித்து அவரும் அறியட்டும்.

அந்த ஒரு கடவையில் நீங்கள் கண்டது, அவர் உங்களோடு பேசும் விதத்தை அல்ல, பிறரோடு நடந்துகொள்ளும் விதத்தை. செயலியில் இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினால்தான் பேச்சே தொடங்கும். தொடங்கிய பின் அந்த மனிதர் என்னை நோக்கி மட்டுமே அமர்ந்திருப்பார். கடைப்பையனை அவர் எப்படி அழைப்பார், தோற்ற விளையாட்டுக்குப் பின் எப்படி வீடு திரும்புவார், தாயின் பேச்சை எந்த இடத்தில் வெட்டுவார் என்பவை ஆறு மாதம் எழுதிக்கொண்டிருந்தாலும் தெரிய வராது. இனிமையாக எழுதுவது பெரிய வித்தையில்லை.

இவ்வளவையும் கண்ணால் கண்டு மணந்த நீங்கள்தான், என்னை மட்டும் விரலால் தள்ளிப் பார்த்துத் தெரிவுசெய்யச் சொன்னீர்கள். குடும்பப் படத்திலிருந்து என்னைத் தனியாக எடுத்தபோது அம்மாவின் தோளையும் வெட்டிவிட்டீர்கள்; அவரின் சேலைக்கரை மட்டும் ஓரத்தில் எஞ்சியிருந்தது. என் மீதுள்ள அக்கறையால் இரவிரவாக விழித்திருந்து எழுதித் தந்தீர்கள் என்பது தெரியும். சொல்லாமல் நீக்கியதற்கு மன்னியுங்கள். ஆனால் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.

2009இல் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பு ஒழிந்தது. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் துறையில் தவித்ததைக் கண்டவர்கள் யாரும் பாதை திரும்ப வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். ஆனாலும், ஒரு பெண்பிள்ளை பலரோடு சேர்ந்து நிற்க, “இங்கே ஏன் நிற்கிறாய்?” என்று எவரும் கேட்காத இடங்கள் இந்த ஊரில் குறைவு. டச்சுக்குடாக் கடற்கரையில் மாலையில் தனியே நடந்தாலே வீட்டுக்குத் தகவல் முன்னால் போய்விடுகிறது. ஆகவே கலியாண வீடு, பொங்கல், அலுவலக நண்பர்களின் பூப்பந்தாட்டம் என்று அழைத்த இடமெல்லாம் போகிறேன். யாரும் இல்லை, ஊகிக்க வேண்டாம்.

ஆவணியில் வரும்போது, அண்ணாவின் நண்பர் என்று நீங்கள் மூன்று முறை பெயர் சொன்னவரின் படத்தை எனக்கு அனுப்பாதீர்கள். உவர்மலை வீட்டில் பத்துப்பேருக்குச் சமைப்போம்; அவரையும் கூப்பிடுங்கள். என்னைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மாமிக்குச் சோறு போடும் வேலையை மட்டும் அவரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சாள்