ஏப்ரல் கடைசியிலும் பனி, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மெயில் வந்தது. ‘நல்லா இருக்கேன்’ என்று இரண்டு வார்த்தை தட்டினால் போதுமா, ஒழுங்காக ஒரு கடிதம் எழுதத் தெரியாதா என்று திட்டியிருந்தாய். சரி, எழுதுகிறேன்.

அங்கே கத்தரி தொடங்க இன்னும் ஒரு வாரம்தான், அம்மா வடாம் பிழிய ஆரம்பித்திருப்பாள். ஒட்டாவாவில் நேற்று ராத்திரி பனி கொட்டியது. போன வாரம் வெயில் அடிக்கிறதே என்று எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள், இப்போது பழையபடி மைனஸ். மனுஷனுக்காவது ஜாக்கெட் இருக்கிறது. குளிர்காலம் முடிந்தது என்று நம்பித் தெற்கிலிருந்து திரும்பி வந்த பறவைகள் பாடுதான் திண்டாட்டம். ராபின் என்று ஒன்று, மைனா அளவு இருக்கும், நெஞ்சு செங்கல் நிறம். மண்புழு தின்கிற ஜாதி, தரை இறுகிவிட்டால் அதற்குச் சோறு இல்லை. தகைவிலான் இன்னும் பாவம், பறக்கிற பூச்சியைத்தான் பிடித்துத் தின்னும், குளிரில் பூச்சியே பறக்காது. நாலைந்து நாள் இப்படியே நீடித்தால் பட்டினியில் செத்துவிடுமாம்.

இதெல்லாம் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது. எண்பதைத் தாண்டியவர், நம்ம மாடி வீட்டு டீச்சரைவிட அதிகாரம். காலையில் கதவைத் தட்டி, கையில் மண்வாரியைக் கொடுத்து, புதருக்கு அடியில் பனியைத் தள்ளு என்றார். தரை தெரிந்தால் ராபின் வரும், தொங்கவிட்ட கூண்டில் போடுகிற தீனியைச் சீண்டாதாம். அங்கே ஆப்பிளைப் பாதியாக வெட்டி வைத்தோம், வெந்நீரில் ஊறவைத்த திராட்சையும். அம்மா பாயசத்துக்குக் கொடுத்துவிட்டதுதான், சொல்லாதே. காய்ந்த புழு பாக்கெட்டில் விற்கிறார்கள், அதையும் ஊறவைத்துத்தான் போட வேண்டும், ஆனால் விலையைப் பார்த்துவிட்டுத் திராட்சையே போதும் என்று வந்துவிட்டேன். மரங்கொத்திக்கும் சிக்கடீ என்கிற குட்டிப் பறவைக்கும் கம்பிக் கூட்டில் கொழுப்புக் கட்டி தொங்குகிறது, என்ன கொழுப்பு என்று அம்மா கேட்டால் பேச்சை மாற்று. எதிர்வீட்டுப் பையன் பிரெட்டைப் பிய்த்துப் போட்டான், பாட்டி அவனை ஒரு பிடி பிடித்துவிட்டார். வயிறு ரொம்பும், சத்து இருக்காது. உப்புக் கடலையும் கூடாது.

நான் இப்போது பேஸ்மென்ட்டுக்கு மாறிவிட்டேன், குளிருக்கு இதுதான் கதகதப்பு. ஜன்னல் தரை மட்டத்தில் இருப்பதால் ராபினுடைய கால்தான் முதலில் தெரியும். மெலிசாக, பென்சில் சீவல் நிறத்தில். உடம்பை உப்பிக்கொண்டு நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒரு கொத்து. சாயங்காலம் பார்த்தால் ஆப்பிளில் தோல் மட்டும் கிண்ணம் மாதிரி கிடக்கிறது. கடையில் ஷிப்டைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அதனால் பகலில் இதையெல்லாம் பார்க்க முடிகிறது. நல்லதுதானே.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். காலையில் ஆப்பிளை வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ‘கா, கா’ என்று கூப்பிட்டுவிட்டேன். பாட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அம்மா இன்னும் முட்டி வலியோடு மொட்டை மாடி ஏறிக் காக்காய்க்குச் சோறு வைக்கிறாளா? ஒற்றைக்கால் காக்காய் வருகிறதா? ஞாயிற்றுக்கிழமை குக்கர் சத்தமும் அப்பா ரேடியோவும் இல்லாமல் மத்தியானம் நகரவே மாட்டேன் என்கிறது அக்கா. தனியாகச் சாப்பிட்டால் சாம்பார் கூட ருசிக்கவில்லை. சரி, விடு.

அப்பா கண் ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள், அது குறையாமல் தேதி வாங்காதே. சொட்டு மருந்து போடுகிற பொறுப்பை அப்பாவிடம் விடவே விடாதே, மாமாவைப் பக்கத்தில் இருக்கச் சொல். கீழ்ப் போர்ஷன்காரரிடம் வாடகை பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறோம் என்று எழுதி வாங்கு, வாய்ப்பேச்சு வேண்டாம். சித்தப்பா எதிலாவது கையெழுத்துக் கேட்டால் போடாதே, முதலில் பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்.

இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளிப்போகும், டாலர் ஏறட்டும் என்று பார்க்கிறேன், வேறொன்றுமில்லை. பாப்பாவுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மார்க்கை அனுப்பு. காலேஜ் ஃபீஸ் நான் கட்டுகிறேன் என்று சொன்னது சொன்னதுதான், முதல் தவணைக்கு மட்டும் மாமாவைச் சமாளிக்கச் சொல், ஜூலையில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
தம்பி